வளவு வெளிச்சத்தில் நான்கு ஞாயிறுகள்

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பூர்வீக வீட்டைக் கைப்பேசியில் ஒழுங்காகப் படமெடுத்துவிட வேண்டும் என்று சென்ற மாதம் தொடங்கினேன். கையில் இருப்பது மூன்று ஆண்டுகள் பழைய, நடுத்தர விலைக் கைப்பேசி. வேறு கருவி எதையும் வாங்குவதில்லை என்பது எனக்கு நானே விதித்துக்கொண்ட நிபந்தனை.

முதல் ஞாயிறு வீணாயிற்று. வளவு, அதாவது வானம் பார்த்த நடுமுற்றம், கண்ணைக் கூசவைக்க, அதைச் சுற்றியுள்ள தேக்குத் தூண்கள் இருளில் நிற்கும். நம் கண் வெளிச்சம், இருள் இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடுகிறது. கைப்பேசியின் சிறிய சென்சாரால் அது முடிவதில்லை. வளவு வெளிறிப் போயிற்று, அல்லது தூண்கள் கரிக்கட்டைகளாயின. வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாக இணைக்கும் எச்.டி.ஆர். வசதியை இயக்கியபோது இரண்டும் தெரிந்தன என்றாலும், நிழலே இல்லாத அந்தப் படத்தில் எங்கள் வீடு புதிதாக வெள்ளையடித்த கல்யாண மண்டபம் போல இருந்தது.

இரண்டாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, வெயில் மேற்குப் பக்கத் தூண்களின் மீது சாய்வாக விழும் நேரத்தில், மீண்டும் முயன்றேன். திரையில் வெயில் பட்ட தூணின் மீது விரலை அழுத்திப் பிடித்து, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைச் சற்றுக் கீழே இழுத்தேன். தேக்கின் வரிகள் எழுந்து வந்தன. பின்னால் இருந்த இருளை இருளாகவே விட்டதுதான் அந்தப் படத்துக்கு ஆழம் தந்தது. தூண்கள் உள்நோக்கிச் சாய்ந்து தெரிந்ததற்குக் காரணம், உச்சி வரை அடக்குவதற்காகக் கைப்பேசியை நான் மேல்நோக்கிச் சாய்த்ததுதான். கட்டக் கோடுகளைத் திரையில் வரவழைத்து, கைப்பேசியை நெஞ்சுயரத்தில் நிமிர்த்திப் பிடித்து, நாலடி பின்னால் நகர்ந்ததும் தூண்கள் நேராயின.

வளவைக் கழுவிவிட்ட ஈரம் காய்வதற்குள், கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தரையை உரசும்படி வைத்தும் ஒரு படம் எடுத்தேன். விரல் கனத்துக்குத் தேங்கி நின்ற தண்ணீரில் மொத்தத் தூண் வரிசையும் தலைகீழாக விழுந்து கிடந்தது. இன்றுவரை எனக்குப் பிடித்த படம் அதுதான்.

மூன்றாம் ஞாயிறு முழுவதையும் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் எடுத்துக்கொண்டன. கண்ணாடித் தகட்டின் மீது வண்ணச் சிமெண்டை ஊற்றிச் செய்யப்படும் அந்தக் கற்களுக்கு அந்தக் கண்ணாடியின் வழவழப்பே மினுக்கத்தைத் தருகிறது. அந்த மினுக்கமே படத்தில் வெள்ளைத் திட்டாக விழுந்து பூவேலையை மறைத்தது. பட்டுத் திரும்பும் ஒளியின் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு குளிர்கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் பிடித்தேன். நேர்மேலிருந்து எடுத்தபோது பயனில்லை. தரையைச் சாய்வாகப் பார்த்து நின்று, கண்ணாடியை மெதுவாகச் சுழற்றியபோது, ஒரு கோணத்தில் மினுக்கம் அடங்கி, சிவப்பும் பச்சையும் துலங்கின. அதே உபாயம் முகப்பில் தொங்கும் நிலைக்கண்ணாடியிடம் பலிக்கவில்லை. அதன் பின்னால் பூசிய உலோகப் பூச்சிலிருந்து திரும்பும் ஒளி இவ்வாறு வடிகட்டப்படுவதில்லை.

நான்காம் ஞாயிறு அப்பத்தா கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு வந்து அமர்ந்தார். அருகில் சென்று அகலக் கோணத்தில் எடுத்த முதல் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, எம் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்றார். நியாயமான கேள்வி. கிட்டே நின்றால் லென்ஸுக்கு நெருங்கிய மூக்கு பெருத்துத்தான் தெரியும். ஆறடி விலகி, கேமராவை இரண்டு மடங்கு ஜூமில் வைத்து, அவர் முகத்தை வளவின் பக்கம் திருப்பச் சொல்லி, இருண்ட பக்கத்தில் தம்பியை ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கச் செய்தேன். வேட்டியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் கன்னத்துச் சுருக்கங்களை மென்மையாக்கியது, மூக்குத்தியும் ஒளிர்ந்தது.

மாலையில் நிலைக்கதவின் செதுக்கலுக்கு வந்தேன். நேராக ஃபிளாஷ் அடித்தால் கஜலட்சுமியின் யானைகள் தட்டையாகிவிடுகின்றன. அளக்கும் படி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் கைப்பேசியைச் சாய்த்து, மூன்று விநாடி டைமர் வைத்தேன். தம்பி தன் கைப்பேசி விளக்கைக் கதவோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தான். துதிக்கைகளின் வளைவு முழுவதும் நிழலோடு எழுந்து நின்றது. பித்தளைக் குமிழில் மட்டும் தம்பியின் முகம் சிறியதாகத் தெரிகிறது, அதை அழிக்கவில்லை.