ஒரே நஞ்சு

19ஆவது வாரம். நாலே நாளில் வயிறு கிண்ணென்று ஏறிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. “ரெட்டைப் புள்ளைன்னா அப்படித்தான் இருக்கும்” என்று தண்டையார்ப்பேட்டையில் எங்கள் தெருவே சொன்னது. அத்தை மட்டும் கேட்கவில்லை. “தோலு மினுமினுன்னு இருக்கு, எழுந்திரு” என்று ஆட்டோ பிடித்துவிட்டார். காசிமேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, ராயபுரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அந்த டாக்டர் நெடுநேரம் பேசவே இல்லை. அப்புறம் என் 12ஆவது வார ரிப்போர்ட்டைக் கேட்டார். அதில் ‘இரட்டை’ என்று மட்டும் இருந்தது. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, ஒன்றா, இரண்டா? அதை யாரும் எழுதவில்லை. ஒன்றுதான் என்று எழுதியிருந்தால் 16ஆவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்திருப்பார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இரட்டை என்று தெரிந்த எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது நஞ்சைத்தான்.

எனக்கு ஒரே நஞ்சு. அதன் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்து, ஒரு பிள்ளையின் ரத்தம் இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. கொடுக்கிற பிள்ளையைச் சுற்றி நீர் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை, அதன் மூத்திரப்பையும் தெரியவில்லை. வாங்குகிற பிள்ளைக்கு 9 சென்டிமீட்டருக்கு மேல் நீர். இப்படி ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போவதற்கு டிடிடிஎஸ் என்று பெயராம். எனக்கு இரண்டாம் நிலை என்றார்கள். ஒரே நஞ்சுள்ள இரட்டைகளில் 100க்கு 10, 15 பேருக்கு வருமாம்.

நீரை மட்டும் ஊசியால் எடுத்தால் மறுபடி ஊறிவிடும். குழாய்களையே லேசரால் அடைக்க வேண்டும், அதற்கு வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றார் டாக்டர். மறுநாளே சேர்த்தார்கள். பனிக்குடம் உடையலாம், ஒன்று போகலாம், இரண்டுமே போகலாம் என்று எதையும் மறைக்காமல் சொன்னார்கள். “ரெண்டும் வேணும் மேடம்” என்றார் என் கணவர். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

முதுகில் ஊசி போட்டதால் விழித்தேதான் இருந்தேன். வயிற்றில் சின்னத் துளை, அதன் வழியே பேனா ரீஃபில் போல ஒரு கேமரா. எதிரே திரையில் நஞ்சின் மேல் குழாய்கள் ஆற்றுக் கிளைகள் மாதிரி ஓடின. இரண்டு பக்கமும் சேருகிற இடங்களைத் தேடித்தேடி லேசரால் சுட்டார்கள். சுட்ட இடம் வெளுத்தது. பிறகு அந்தப் புள்ளிகளையெல்லாம் இணைத்து ஒரே கோடாக இழுத்தார்கள். நடுவில் ஒரு குட்டிக் கை குறுக்கே வந்தது. டாக்டர் லேசரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அது தானாக நகர்ந்த பிறகுதான் தொடர்ந்தார். கடைசியில் மிகுதி நீரை வடித்ததும், பல நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக இறங்கியது.

மறுநாள் ஸ்கேனில் இரண்டு இதயத் துடிப்பும் கேட்டது. ரத்தம் கொடுத்த பிள்ளையின் மூத்திரப்பை தெரிய மேலும் இரண்டு நாள் ஆனது. மூத்திரப்பை தெரிகிறது என்பதற்காக ஒரு குடும்பமே அழுதது அன்றுதான்.

வாராவாரம் ஸ்கேன். 33ஆவது வாரம் சிசேரியன். ஒன்று 1.8 கிலோ, ஒன்று 1.4. இருவரும் அழுத சத்தம் கேட்ட பிறகு நஞ்சைக் காட்டச் சொன்னேன். சிஸ்டர் தட்டில் கொண்டுவந்தார். அதன் நடுவே அந்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது.