ஏதென்ஸில் ஒரு சொல்லைத் தேடி

யார் எந்த நல்லதைச் செய்தாலும் "எல்லாம் காசுக்குத்தான்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை 'சினிக்' என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒரு நாய் இருப்பது, ஏதென்ஸ் போவதற்காகப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பழைய கிரேக்கத்தில் 'கியோன்' என்றால் நாய். 'கினிகோஸ்' என்றால் நாயைப் போன்றவர்.

அக்ரோபோலிஸ் பார்த்த மறுநாள் காலையில் கினோசார்கேஸ் பகுதிக்குப் போனேன். ஒரு காலத்தில் நகர மதிலுக்கு வெளியே, ஹெராக்ளிஸ் கோயிலும் உடற்பயிற்சிக் களமுமாக இருந்த இடம். தாய் தந்தையரில் ஒருவர் ஏதென்ஸ்காரராக இல்லாத பிள்ளைகள் அங்கேதான் பயிற்சிக்குப் போவார்கள். சாக்ரடீஸின் சீடர் ஆண்டிஸ்தனிஸ் அங்கே பாடம் சொன்னாராம். இடத்தின் பெயரிலேயே நாய் இருக்கிறதே, அதுதான் அவர் வழி வந்த 'சினிக்' தத்துவவாதிகளுக்கும் ஒட்டிக்கொண்டது என்பது ஒரு கதை. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள்தான். ரொட்டிக் கடை வாசலில் ஒரு செம்பட்டை நாய், வருகிறவர் போகிறவர் யாரையும் பொருட்படுத்தாமல், படியை அடைத்துக்கொண்டு தூங்கியது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனார்கள்.

எனக்கு இன்னொரு கதைதான் சரியாகப் படுகிறது. அதற்கு அகோரா என்ற பழைய சந்தைத் திடலுக்குப் போக வேண்டும். அங்கே கடவுளரின் தாய்க்குக் கட்டிய மெட்ரூன் கோயிலின் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. இன்று தெரிபவை பிற்காலத்துக் கட்டடத்துடையவை. கருங்கடல் கரையிலுள்ள சினோப்பிலிருந்து வந்த சினிக் தத்துவவாதி டயோஜெனிஸ் அந்தக் கோயிலருகே தங்கியிருந்தார். படங்களில் அவரை மரப் பீப்பாயில் உட்கார வைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது தானியமும் எண்ணெயும் கொட்டி வைக்கும் பெரிய மண் தாழி. கிரீட் தீவின் நொசோஸில் ஆளுயரத் தாழிகளைப் பார்த்திருந்ததால், ஒரு மனிதர் அதற்குள் முடங்கிப் படுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது.

தெருவிலேயே உண்டு, தெருவிலேயே உறங்கியவரை ஊர் நாய் என்றது. அவர் மறுக்கவில்லை. "கொடுப்பவரிடம் வாலாட்டுவேன், கொடுக்காதவரைப் பார்த்துக் குரைப்பேன், அயோக்கியரைக் கடிப்பேன்" என்றாராம். ஒரு சிறுவன் கையால் தண்ணீர் அள்ளிக் குடிப்பதைக் கண்டதும், தன்னிடமிருந்த ஒரே குவளையையும் வீசிவிட்டார். பட்டப்பகலில் விளக்கைப் பிடித்துக்கொண்டு மனிதனைத் தேடினார் என்றும் சொல்வார்கள். மனிதர்மேல் நம்பிக்கையே இல்லாதவர் எதற்கு விளக்கேற்றித் தேட வேண்டும்? அவர் வெறுத்தது வேஷத்தை. அந்தப் பெயர் எப்படியோ எதையுமே நம்பாதவர்களுக்குப் போய்விட்டது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜெர்மன்காரர்கள் இதில் கவனமானவர்கள்: டயோஜெனிஸ் வகையினரை 'கினிக்கர்' என்றும், இன்றைய ஏளனக்காரரை 'சினிக்கர்' என்றும் பிரித்தே எழுதுகிறார்கள்.

அடுத்த நாள் கொரிந்துக்குப் பஸ் ஏறினேன். அவர் இறந்தது அங்கேதான். நகர வாசலருகே புதைத்து, ஒரு தூண் நட்டு, அதன்மேல் சலவைக்கல்லில் ஒரு நாயை வைத்தார்களாம். அந்தத் தூணும் இல்லை, நாயும் இல்லை. மத்தியான வெயிலில் இடிபாடுகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.