மாத்திரையும் பின்னமும்

மலேசியாவின் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் படிநிலை இரண்டு (நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை) மாணவர்களுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பிக்கிறேன். எங்கள் நாள் பாடத்திட்டத்தில் ‘விரவி வரும் கூறுகள்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு பாடத்தை மற்றவற்றோடு இணைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது அது. ஆனால், கதைப்பகுதியில் எத்தனை பெயர்ச்சொற்கள் என்று எண்ணச் சொல்லிவிட்டு, கணிதத்தை இணைத்தாயிற்று என்று அந்தக் கட்டத்தை நிரப்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் மொழிக்கும் பயனில்லை, கணிதத்துக்கும் பயனில்லை. ஒரு பாடத்தில் எழும் கேள்விக்கு இன்னொரு பாடத்தின் துணையின்றி விடை கிடைக்காது என்ற நிலை வரும்போதுதான் இணைப்பு உண்மையாகிறது என்பது என் எண்ணம்.

அப்படி ஒரு கேள்வி ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பின்னம் கற்பிக்கும்போது கிடைத்தது. எழுத்தை ஒலிக்க ஆகும் நேர அளவே மாத்திரை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்பது தமிழ்ப் பாடத்தில் வருவது. சொற்களைக் கொடுத்து மாத்திரையைக் கூட்டச் சொன்னேன். ‘பட்டம்’ மூன்று. ‘பாடம்’ மூன்றரை. அரைகளைக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள்கூட, வாயால் சொல்லிப் பார்த்து விரைவாகக் கூட்டினார்கள். ‘பினாங்கு’ வந்தபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது.

“நாலரை, டீச்சர்.”

“இல்லை, நான்குதான். கடைசி எழுத்து குற்றியலுகரம். அதற்கு அரை மாத்திரைதான்.”

நான்கு என்று மாணவி சொன்னது சரி. குற்றியலுகரம் என்பது சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரம். ஆனால், ஏன் அரை என்று கேட்டால் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. கைக்கண்ணாடி ஒன்றைக் கொடுத்து ‘குடை’ என்றும் ‘பினாங்கு’ என்றும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். “முதல் கு-வுக்கு உதடு குவிகிறது, இதற்குக் குவியவில்லை” என்றாள். கண்ணாடி கைமாறிக்கொண்டே போயிற்று. உற்றுநோக்கல் என்று அறிவியல் பாடநூல் சொல்வது இதைத்தான்.

தமிழ் ஆசிரியை தம் பாட வேளையையும் என்னுடைய வேளையோடு சேர்த்துக்கொண்டார். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரைக்கு அளவு என்கிறது தொல்காப்பியம். அப்படியானால் கண் இமைக்க எவ்வளவு நேரம் ஆகும்? வினாடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவியக்க வீடியோவில் ஒரு மாணவியின் இமைப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து, படங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். 60 வந்தது. 60-ஐ 240-ஆல் வகுத்துக் கால் வினாடி என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பின்னத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தப் பயிற்சிநூலிலும் நான் கண்டதில்லை.

அடுத்து ‘அ’, ‘ஆ’ இரண்டையும் ஒலிப்பதிவு செய்து அளந்தோம். நாங்கள் மாற்றும் எழுத்து தற்சார்பு மாறி, அதற்கேற்ப மாறும் நேரம் சார்பு மாறி, மாறாமல் வைத்துக்கொள்ளும் ஆள் கட்டுப்படுத்தப்பட்ட மாறி. நெடில் சரியாக இரு மடங்காக வரவில்லை. சிலருக்குக் கூடுதல், சிலருக்குக் குறைவு. “அப்படியென்றால் இலக்கணம் தவறா?” என்று ஒரு மாணவன் கேட்டான். நான் அளவீட்டுப் பிழையையும் சராசரியையும் பற்றிச் சொன்னேன். தமிழ் ஆசிரியை, இலக்கணம் சொல்வது ஓர் ஒலிக்கும் இன்னோர் ஒலிக்கும் உள்ள விகிதத்தை, அது கடிகாரக் கணக்கு அன்று என்று விளக்கினார். எனக்கே அது புதிய தெளிவு.

இந்த நாட்டில் 2003 முதல் சில ஆண்டுகள் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. அக்கொள்கையைக் கைவிடுவதாக 2009-இல் அறிவித்தார்கள். பிறகு 2016-இல், இப்பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தப் பள்ளிகளுக்கு வாய்ப்புத் தரும் இருமொழித் திட்டம் வந்தது. ஆங்கிலம் வேண்டாம் என்பது என் வாதமன்று. கணித வகுப்பில் ஒரு மொழியில் படித்த அரையும் தமிழ் வகுப்பில் படித்த அரை மாத்திரையும் ஒன்றுதான் என்று பிள்ளைக்கு யாராவது காட்டித்தர வேண்டும். அந்தப் பொறுப்பு எந்த ஆசிரியரின் பாடத்திட்டத்திலும் எழுதப்படவில்லை.

இன்னொரு முறை, பெற்றோர் துணையோடு மாணவர்களைப் பினாங்கிலுள்ள தண்ணீர்மலைக்கு அழைத்துச் சென்றோம். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். அடிவாரத்தில் 15 வினாடி நாடித்துடிப்பை எண்ணி நான்கால் பெருக்கிக் குறித்துக்கொண்டார்கள். உச்சியில் மறுபடியும் எண்ணினார்கள். எல்லாப் படிகளும் ஒரே உயரமா என்ற ஐயம் வந்ததால், பத்துப் படிகளை அளந்து சராசரி எடுத்து 513-ஆல் பெருக்கினார்கள். நாடித்துடிப்பு இயல்புநிலைக்குத் திரும்ப ஆன நேரத்தை நலக்கல்வி ஆசிரியர் வரைபடமாக்கினார்.

நான் எதிர்பாராத பலன் கட்டுரையில் தெரிந்தது. ‘கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்’ என்று மனப்பாடமாகத் தொடங்கும் கட்டுரைகளே எங்கள் பள்ளிகளில் அதிகம். மலையேறி வந்த பிறகு ஒரு மாணவன் எழுதியிருந்தான்: “முந்நூறாவது படியில் என் நாடித்துடிப்பு காதுக்குள் கேட்டது. பாட்டி எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்.” எண்ணவும் அளக்கவும் நின்றதால்தான் அவன் கவனித்தான். மொழிக்கு அறிவியல் செய்த உதவி இது. பொதுவாக நாம் மறுதிசையில்தான் பேசுகிறோம்.

நேரம்தான் பெரும் இடையூறு. 30 நிமிட வேளைகளாக நறுக்கப்பட்ட கால அட்டவணையில் ஒரு கேள்வியை அதன் முடிவுவரை துரத்த முடியாது. எங்கள் தலைமையாசிரியர் வேளைகளை இடம் மாற்ற இசைந்ததால் இவ்வளவும் நடந்தது.

வரலாற்று ஆசிரியர் இப்போது பினாங்கின் கொடிமலை உச்சிக்குச் செல்லும் ரயிலை எடுத்துக்கொள்வோம் என்கிறார். 1923-இல் ஓடத் தொடங்கிய அந்த ரயிலில் முன்பு நடுவழியில் வண்டி மாற வேண்டும், மேலே போக அரை மணி நேரம் பிடிக்கும். 2011-இல் புதிய வண்டிகள் வந்தபின் சில நிமிடங்களே ஆகின்றன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பாதை, சுமார் 640 மீட்டர் ஏற்றம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெப்பநிலை 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்ற கணக்கில், மேலே 4 பாகைக்குச் சற்று அதிகமாகக் குறைந்திருக்கும் என்று மாணவர்கள் கருதுகோள் எழுதிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வெப்பமானிகள் இருக்கின்றன. பஸ்ஸுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டிருக்கிறோம்.