ஜெபக் குழுவும் நேரலையும்: லெந்து கால நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, சாம்பல் புதன் (ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தின் முதல் நாள்), புரசைவாக்கம்

மாலை ஆராதனைக்குப் பின் கூடிய, சபையை நிர்வகிக்கும் சேகரக் குழு, சபையின் வாட்ஸ்அப் குழுவையும் யூடியூப் நேரலையையும் கவனிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கி, அவ்வாண்டின் குருத்தோலை ஞாயிறும் ஈஸ்டரும் ஆலயம் பூட்டிய நிலையில் கழிந்தபோது அவசரமாக ஏற்படுத்தியவை இவை. அவசரம் நீங்கிய பிறகும், எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று எவரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேரலை தடையின்றி நடந்தது. வியாசர்பாடியிலிருந்து ஒரு மூதாட்டி அழைத்து, "பாட்டு எண்ணைக் கொஞ்சம் முன்னாலேயே திரையில் போடுங்கள், தம்பி, பாமாலையைப் புரட்டுவதற்குள் இரண்டு சரணம் முடிந்துவிடுகிறது" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் ஒரு சகோதரி, பக்கத்து வீட்டு அம்மாவின் பெயர், மருத்துவமனை, வார்டு எண், மனநோய் என்ற விவரம் எல்லாவற்றையும் எழுதி ஜெபிக்கக் கேட்டிருந்தார். அன்பினால் எழுதியதே, ஐயமில்லை. ஆனால் அச்செய்தி வேறு சபைகளின் குழுக்களுக்குப் போய், அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசிக்கொண்டிருந்தவர்களையும் எட்டிவிட்டது. "நாங்கள் யாரிடமும் ஜெபிக்கச் சொல்லவில்லையே, தம்பி" என்றார் பெண்ணின் தந்தை.

வாட்ஸ்அப் செய்திகள் மறைகுறியாக்கத்துடன் செல்வதால் பத்திரம் என்று சிலர் சொல்கிறார்கள். அது வழியில் ஒட்டுக்கேட்பவருக்கு எதிரான காவலே தவிர, பெற்றுக்கொண்டவர் முன்னனுப்புவதைத் தடுக்காது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். செய்தி 24 மணி நேரத்தில் தானாக மறையும்படி அமைத்தாலும், அதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டால் என்ன பயன்?

மார்ச் 19, புதன்

"ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்ற யாக்கோபு 5:16ஐ எடுத்துக்காட்டி, விவரம் தெரியாமல் எப்படி ஜெபிப்பது என்று ஒரு மூப்பர் கேட்டார். ஆயர் இரண்டு வசனம் முன்னால் பார்க்கச் சொன்னார்: 5:14இல் மூப்பரை வரவழைப்பவர் வியாதிப்பட்டவரே, அண்டை வீட்டார் அல்லர். இனி விண்ணப்பங்கள் ஆயருக்குத் தனியாகவே வரும். உரியவர் சம்மதித்தால் மட்டும், நோயின் பெயரின்றிக் குழுவில் இடம்பெறும். (ஆண்டவருக்கு வார்டு எண் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.)

ஏப்ரல் 6, ஞாயிறு

விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான விளம்பரத்தில் சென்ற ஆண்டுப் பிள்ளைகளின் படங்களைப் போட வேண்டாம் என்று தடுத்தேன். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது. அதன் விதிகள் 2025 ஜனவரியில் வரைவாக மட்டுமே வெளிவந்தன என்பது நாம் காத்திருக்கக் காரணமாகாது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பிரசங்கம் முடிந்ததும் நேரலையை நிறுத்தினோம், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து ஒளிபரப்பாகவில்லை. இணையத்தில் அருளடையாளங்கள் (திருவிருந்து போன்ற புனிதச் சடங்குகள்) இல்லை என்று கத்தோலிக்கத் திருச்சபை 2002இலேயே எழுதிவைத்தது. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வீட்டில் திருவிருந்து வேண்டுவோரின் பட்டியலை எடுத்தபோது, படுக்கையில் இருப்பவர்களில் பலர் வாட்ஸ்அப் குழுவிலேயே இல்லை என்பது தெரிந்தது. சிலரிடம் கைபேசியே இல்லை. ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய் முதல் ஆயருடன் அவர்கள் வீடுகளுக்குச் செல்கிறோம். காலையில் தண்ணீர் லாரி வரும் தெருக்களுக்குப் பதினொரு மணிக்கு மேல்.