"தானா சாப்பிடுமா, டாக்டர்?"

பூனைக்கு நாக்கடியில் கட்டி. சி.டி. எடுத்ததில் இடது கீழ்த்தாடை எலும்பும் அரித்திருந்தது. ரத்தத்தில் நுண்குமிழி ஏற்றி, அல்ட்ராசவுண்டு வைத்து ப்ளியோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுக்கலாம் என்று விளக்கி முடித்ததும், பூனையை வளர்க்கும் அந்தம்மா கேட்டது ஒன்றுதான்: "இதுக்கப்புறம் தானா சாப்பிடுமா, டாக்டர்?"

"எலும்புக்குள்ள அலை போகாதும்மா" என்றேன்.

சொன்னதில் பொய்யில்லை. ப்ளியோமைசின் தண்ணீரில் கரையும் பெரிய மூலக்கூறு. செல் சவ்வைத் தானாகத் தாண்டுவது அபூர்வம். குமிழி அலையில் சுருங்கி விரியும்போது ரத்தக்குழாய்ச் சுவரும் பக்கத்துச் சவ்வுகளும் கொஞ்ச நேரம் வழிவிடும். அந்த நேரத்தில் மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். எலும்போ அலையில் பெரும்பகுதியைத் திருப்பி அடித்துவிடும். தாடைக்குள் புகுந்த பகுதிக்குக் கிடைப்பது சாதாரண கீமோதான். பூனைக்கு மருந்து மாற்றிப் பார்க்கவும் அதிகம் இடமில்லை: சிஸ்பிளாட்டின் கொடுத்தால் நுரையீரலில் நீர் கோத்துச் செத்துவிடும்.

ஆனால் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. விழுங்கவிடாமல் தடுத்தது தாடையல்ல, நாக்கு. நாக்குக்கு அலை போகும். அப்படியிருக்க எலும்பைக் காட்டி ஏன் பேசினோம் என்பதுதான் உறுத்துகிறது. நம்பிக்கையை ஏற்றிவிடக் கூடாதென்ற ஜாக்கிரதை என்று வைத்துக்கொள்ளலாம். வாயின் மேல்தோல் செல்களில் வரும் இந்த ஸ்குவாமஸ் புற்றுக்கட்டியில் ஓராண்டைத் தாண்டும் பூனை பத்தில் ஒன்றுகூட இல்லை.

செய்முறையில் வம்பு பண்ணுவதெல்லாம் சின்ன விஷயங்கள். நுண்குமிழி மருந்தான சோனோவ்யூவின் குப்பியில் 5 மி.லி. சலைன் விட்டுக் குலுக்கினால் பால் மாதிரி வரும். குமிழியின் சராசரி விட்டம் 2.5 மைக்ரான். நிற்க விட்டால் மேலே மிதந்துவிடும், அதனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் மறுபடி கலக்க வேண்டும். பூனையின் கால் ரத்தக்குழாயில் பெரிய துளை ஊசி போவது சிரமம். அந்தச் சின்னத் துளையில் வேகமாகத் தள்ளினால் குமிழி வழியிலேயே உடைந்துவிடும். திரையில் கட்டி கறுப்பாகவே நிற்கும், மெஷினைத் திட்டிக்கொண்டிருப்போம். தாடைக்குக் கீழே முடியை ஒட்ட மழித்து, ஜெல்லைக் கெட்டியாக அப்பி, கீழிருந்து அல்ட்ராசவுண்டு புரோப் வைக்க வேண்டும். அலையின் வீரியத்தைக் காட்டும் மெக்கானிக்கல் இன்டெக்ஸை ஏற்றக் கூடாது. ஏற்றினால் குமிழி வெடித்துக் கட்டியின் ரத்த ஓட்டமே படுத்துவிடும். மருந்து போய்ச் சேர வழியிருக்காது.

இன்னொன்று: மயக்கத்தில் வாயைத் திறந்து வைக்க ஸ்பிரிங் வைத்த வாய்த்தாங்கி (gag) போடவே கூடாது. பூனைக்கு வாய் அகலத் திறந்தால் மேல்தாடை ரத்தக்குழாய் நசுங்கி, கண் பார்வை போன சம்பவங்கள் உண்டு. ஊசி மூடியை 20 மி.மீ. அளவுக்கு வெட்டி வைத்தால் போதும். புரோப் வெளியில்தானே இருக்கிறது.

நார்வேயில் பெர்கன் மருத்துவர்கள் 2016-இல் வெளியிட்ட, மனிதர்களின் கணையப் புற்றுநோய்க்கு நுண்குமிழியும் அல்ட்ராசவுண்டும் சேர்த்துக் கீமோ கொடுத்த முடிவுகளைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 10 நோயாளிகள், பழைய நோயாளிகளோடு ஒப்பீடு. அதைப் பூனை நாக்குக்கு அப்படியே இழுத்து வருவது எனக்கு ஒப்பவில்லை. ஆனாலும் செய்தோம்.

முதல் மயக்கத்திலேயே கழுத்து வழியாக உணவுக்குழாய் டியூப் போட்டாயிற்று. சில நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும்; அதற்காகக் காத்திருக்க முடியாது. அடுத்த முறை வந்தபோது எடை கூடியிருந்தது, எச்சில் வடிவது குறைந்திருந்தது. கட்டியின் நீளத்தில் சொல்லும்படி மாற்றமில்லை. எடை டியூப்பால் கூடியதா, மருந்தாலா, கூடவே கொடுத்த புப்ரினார்பினால் வலி அடங்கியதாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. டியூப்பை முதலில் போட்டு, எடை நிலைத்த பிறகு அலையை ஆரம்பித்திருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். அதற்குள் கட்டி சும்மா இருக்காது என்பதும் உண்மை.

எடையைச் சொன்னதும் அந்தம்மா முகம் மாறவில்லை. "டியூப்ல போறதைக் கேக்கலை, டாக்டர்" என்றார். எங்கள் படிவத்தில் கட்டிக்கு மூன்று அளவு, எடைக்கு ஒன்று. தானாகத் தின்றதை எழுத இன்னும் கட்டம் கிடையாது. போட்டாலும், வலி மருந்தின் மயக்கத்தில் இரண்டு நக்கு நக்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சண்டை வரும்.