அப்பாவின் ‘ஆஃப்’ நேரங்கள்

டாக்டர் முன்னால் அப்பா எப்போதும் நன்றாகத்தான் இருப்பார். திருநெல்வேலியிலிருந்து இரவு ரயிலேறி சென்னை வந்து, மாத்திரை வேலை செய்யும் நேரமாகப் பார்த்து உள்ளே போவோம். கையை நீட்டச் சொன்னால் நீட்டுவார், நடக்கச் சொன்னால் நடப்பார். பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம். மத்தியானம் மூன்று மணிக்கு அடுக்களை வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டு அவர் நிற்பதும், அம்மா இடுப்பைப் பிடித்தபடி “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணுவதும் அந்த அறைக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்து அப்போது 9 வருடம். மளிகைக் கடையில் கணக்கெழுதியவர் அப்பா. பேரேட்டில் எழுத்து எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே போனதுதான் முதல் அறிகுறி. நாங்கள் கண்ணாடியை மாற்றினோம். நடுக்கம் அதற்கப்புறம்தான் வந்தது.

முதலில் விசாரித்த ஒரு மருத்துவமனையில், “மூளையில் கருவி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லி, அன்றைக்கே முன்பணம் கேட்டார்கள். அம்மாவுக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. அடுத்துப் பார்த்த நரம்பியல் டாக்டர் பணப்பேச்சே எடுக்கவில்லை. “ஒரு வாரம் அரை மணிக்கு ஒருதரம் குறித்துக்கொண்டு வாருங்கள். மாத்திரை வேலை செய்தால் ஆன், வேலை செய்யாமல் உடம்பு இறுகினால் ஆஃப், இல்லையென்றால் உடம்பு தானாக ஆடுகிறதா, அவ்வளவுதான். ஆஃப் வரும்போது செல்போனில் வீடியோ எடுங்கள்” என்றார்.

அந்த ஒரு வாரம் எங்கள் கண்ணைத் திறந்துவிட்டது. பருப்பு, முட்டை சாப்பிட்ட மதியங்களில் எல்லாம் இரண்டு மணி மாத்திரை ஏறவே இல்லை. மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மருந்தும் சாப்பாட்டுப் புரதமும் உடம்புக்குள் போக ஒரே வழிக்குப் போட்டி போடுகின்றன என்று டாக்டர் விளக்கினார். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் தள்ளினோம், பருப்பு ராத்திரிக்குப் போனது. மதியத்தில் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைத்தது. அதற்கு ஒரு சாதாரண செல்போன் போதுமாக இருந்தது.

ஆனாலும் நாளில் நாலைந்து மணி நேரம் ஆஃப். அதனால் டிபிஎஸ், அதாவது மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தது. நம்மை வைத்துச் சோதிக்கிறார்களோ என்று அப்பாவுக்குப் பயம். 1987-லேயே பிரான்சின் கிரெனோபிளில் அலீம் லூயி பெனபிட் தொடங்கிவைத்த முறை, அமெரிக்காவில் 2002-இல் பார்க்கின்சனுக்கு அனுமதி பெற்றது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “மாத்திரை எதைச் சரிசெய்கிறதோ, பெரும்பாலும் அதைத்தான் இதுவும் செய்யும். மாத்திரைக்கு மசியாத தடுமாற்றம் இதற்கும் மசியாது” என்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை வந்தது அந்தப் பேச்சில்தான்.

மாத்திரை எவ்வளவு சரிசெய்கிறது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முந்தின ராத்திரியிலிருந்து மாத்திரை கிடையாது. காலையில் அப்பா கட்டையாகக் கிடந்தார், முகத்தில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்ட முடியவில்லை. அசைவைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள், தொந்தரவு கூடினால் எண்ணும் கூடும். பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாக மாத்திரை கொடுத்து, முக்கால் மணி கழித்து மறுபடி போட்டார்கள். எண் பாதிக்கும் கீழே இறங்கியது. சரி, செய்யலாம் என்றார்கள்.

அறுவை சிகிச்சையின் பெரும்பகுதியில் அப்பா விழித்துத்தான் இருந்தார். தலையில் சட்டத்தைத் திருகி, மெல்லிய கம்பியை இறக்கும்போது மூளை செல்களின் ஓசையைப் பெட்டியில் கேட்டார்களாம். “ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இரைஞ்சுதுலே” என்றார் எங்களிடம். இரைச்சல் மாறும் இடத்தை வைத்து, சரியான இடத்துக்கு வந்துவிட்டோமா என்று கண்டுபிடிக்கிறார்கள். பேட்டரியைக் காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில் வைத்தார்கள்.

கருவியை ஆன் செய்வதற்கு முன்பே நடுக்கம் நின்றிருந்தது. கம்பி போன இடத்து வீக்கத்தால் வரும் தற்காலிக நன்மை, போய்விடும் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பத்தாம் நாள் நடுக்கம் திரும்பியபோது, எல்லாம் தெரிந்தும் அம்மா அழுதுவிட்டாள்.

நாலாவது வாரம் கருவியை ஆன் செய்தார்கள். கம்பி நுனியில் நாலு இடங்கள். ஒவ்வொன்றிலும் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்ப்பார்கள். டாக்டர் அப்பாவின் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். துருப்பிடித்த கீல் மாதிரி விட்டு விட்டுத் திரும்பிய கை, சட்டென்று வழுவழுவென்று சுழன்றது. இன்னும் ஏற்றியதும் பேச்சு குழறியது, உடனே இறக்கினார். இந்த ஏற்றமும் இறக்கமும் முடிய ஆறு மாதம் ஆனது, எத்தனையோ ரயில் பயணம். வீட்டிலிருந்தபடியே டாக்டர் இணையம் வழியாக மாற்றித் தரும் முறைக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எங்கள் கருவியில் அது இல்லை. மூளையின் அலையைப் படித்துத் தானே மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறைக்கும் 2025-இல் அங்கே அனுமதி வந்துவிட்டது. நாங்கள் அரை மணிக்கு ஒருதரம் குறித்த வேலையில் கொஞ்சத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கும்போது, அடுத்து வருகிறவர்களுக்காக மனசு நிறைகிறது.

ஆறு வேளை மாத்திரை இப்போது மூன்று வேளை. குரல் முன்பைவிடத் தணிந்திருக்கிறது, அதற்குப் பேச்சுப் பயிற்சி நடக்கிறது. வாசற்படியில் இன்னும் சில நாள் கால் ஒட்டும். அங்கே தரையில் குறுக்காக மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம், அதைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கினால் நடை வந்துவிடுகிறது.

ஆன், ஆஃப் நோட்டை அப்பாதான் எழுதுகிறார். மேல் வரிகள் பழைய பேரேட்டு எழுத்து. கடைசி வரிக்கு வரும்போது சிறுக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.