மற்றது எங்கே

4 மார்ச், செவ்வாய்
டொக்டர் இன்றும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவின் அறிக்கை வர இன்னும் சில நாள் ஆகுமாம்.

ஜெனீவா பிளான்பலேயில் இறங்கி மறுபடி பட்டெக் பிலிப் மணிக்கூட்டு மியூசியம். வார நாட்களில் மதியம் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். அம்மா தூங்கும் நேரமும் அதுதான். சீனாவுக்கென்றே செய்த சட்டைப்பை மணிக்கூடுகளை விட்டு நகர மனம் வரவில்லை. தங்க மூடி, விளிம்பைச் சுற்றிப் பாதியாகப் பிளந்த முத்துகள், நடுவில் எனாமல் பூக்கொத்து. ஒன்றில் பூ இடது பக்கம் சாய்கிறது, பக்கத்தில் இருப்பதில் அதே பூ வலது பக்கம். ஜோடியாகத்தான் விற்றார்கள். சீனாவில் பரிசை ஜோடியாகக் கொடுப்பது வழக்கம்.

5 மார்ச், புதன்
போன் வரவில்லை.

7 மார்ச், வெள்ளி
மணிக்கூடு பழுதானால் சீனாவில் என்ன செய்திருப்பார்கள்? சுவிஸ் ஃப்ளூரியே ஊர் மணிக்கூட்டுக்காரர் எதுவார் பொவே 1818 ஏப்ரலில் லண்டனில் கப்பலேறி ஆகஸ்டில்தான் சீனத் துறைமுகம் காண்டன் போய்ச் சேர்ந்தார். திருத்த அனுப்பினால் போக வர ஒரு வருடம் போய்விடும். அதுவரை மணி பார்க்கத்தான் ஜோடியில் இரண்டாவது என்றும் சொல்கிறார்கள். எனக்கு இந்தக் காரணம்தான் பிடித்திருக்கிறது. பரிசு, வழக்கம் எல்லாம் வாழ்த்து மட்டையில் எழுதுகிற காரணம். இது வீடு நடத்துகிறவர்கள் யோசிக்கிறது.

பொவே போன கையோடு நாலு மணிக்கூட்டை 10,000 பிராங்குக்கு விற்றாராம். கெட்டிக்காரன்.

8 மார்ச், சனி
அம்மாவும் வந்தார். முதல் கேள்வி, "எத்தனை பவுன் வரும்?" அடுத்தது, "மன்னார் முத்தோ?" ஜெனீவாவில் பிகே, மெலான் என்ற இருவர் செய்த நாய் மணிக்கூட்டைப் பற்றிச் சொன்னேன். மணி சொல்லும்போது உள்ளே இருக்கிற குட்டித் துருத்தி குரைக்கிற சத்தம் போடும். அம்மா நல்லாச் சிரித்தார். "காசு மெத்தினால் இதுதான் வேலை."

இரவு இரண்டு இடியப்பம் சாப்பிட்டார்.

10 மார்ச், திங்கள்
மியூசியம் பூட்டு. அறிக்கையும் இல்லை.

11 மார்ச், செவ்வாய்
எனாமல் வெறும் கண்ணாடிப் பொடிதான். உலோக ஆக்சைடு சேர்த்தால் நிறம். தங்கத் தகட்டின் பின்பக்கமும் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது தகடு வளைந்து முன்பக்கம் வெடிக்கும். பிறகு மெல்லிய தூரிகையால் படம், படத்துக்கு நடுவே திரும்பத் திரும்ப உலை. 800 பாகை சொச்சம், தங்கமே உருகும் சூட்டுக்கு அவ்வளவு தூரமில்லை. கடைசியில் மேலே நிறமில்லாத கண்ணாடிப் படை. அது ஜெனீவாக்காரரின் கைவரிசை. அதனால்தான் 200 வருடமாகியும் ரோஜா மங்கவில்லை. ஆனால் கடைசிச் சூட்டில் வெடித்தால் அதுவரை செய்த வேலையெல்லாம் போச்சு.

பழையதில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் திரும்ப உலையில் வைக்க யாரும் துணிய மாட்டார்கள். பிசின் நிரப்பி நிறம் தீட்டுவார்கள். சாய்த்துப் பார்த்தால் அந்த இடத்தில் மட்டும் மினுக்கம் குறைவு. ஏலத்தில் விலை இறங்கும்.

இன்றைக்கு டொக்டர் அம்மாவின் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு ஒரு கோட்டில் பேனையை வைத்தார். நிழலாகவும் இருக்கலாமாம். நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கும்போது நிழல் என்று மட்டும் சொன்னேன்.

12 மார்ச், புதன்
இந்தச் சீன மணிக்கூடுகளில் பலவற்றின் செக்கன் முள் வழுக்கிப் போவதில்லை. ஒரு செக்கனுக்கு ஒரு குதி, பிறகு அப்படியே நிற்கும். காத்திருக்கிற ஆட்கள் பார்க்கக் கூடாது.

13 மார்ச், வியாழன்
நிறைய ஜோடிகள் பிரிந்து போய்விட்டன. 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கில் யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொள்ளையடித்தபோது மணிக்கூடுகளையும் விடவில்லை. அள்ளுகிற அவசரத்தில் ஜோடி பார்த்தா எடுத்திருப்பார்கள்? ஏலப் படங்களில் ஒற்றையைக் கண்டால் உடனே மற்றதைத் தேடத் தொடங்கிவிடுகிறேன். இரவு ஒரு மணி வரை தேடினேன். விசர் வேலை.

அண்ணா கனடாவில் இருந்து எடுத்தார். டிக்கெட் விலை கதைத்தார்.

14 மார்ச், வெள்ளி
வந்துவிட்டது. திங்கள் காலை ஏழரைக்கு, சாப்பிடாமல். நகை ஒன்றும் போட்டிருக்கக் கூடாதாம். இடது கைக் காப்பு சவர்க்காரம் போட்டும் கழலவில்லை. வெட்டலாம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை! நாளைக்கு நல்லெண்ணெய் போட்டுப் பார்க்க வேண்டும்.